சரிபார்ப்பு எண்

கண்டெய்னரின் நெற்றியில்
நான்கு எழுத்து, ஆறு எண்.
அப்புறம் கட்டம் போட்டுத் தனியாக ஒரே ஒரு எண்.
முன்னால் போன பத்தும் பொய்யில்லை என்று
அந்த ஒன்று சாட்சி சொல்லும்.
திருவொற்றியூர் யார்டு கேட்டில் பதினேழு வருஷமாக
அதை மனசுக்குள்ளேயே கணக்குப் போடுகிறேன்.
ஸ்கிரீனில் வருவதற்குள்
"தப்பு, மூணு இல்ல, எட்டு" என்பேன்.
"மெசினு சொல்லிட்ச்சி, வண்டிய பின்னால எடு" என்பார்கள் டிரைவர்கள்.

அதே நான்
கல்மண்டபம் மார்க்கெட்டில்
"இன்னாம்மா வோணும்" என்று நாலு கடை ஒரே நேரத்தில் கூப்பிட்டால்
வாய் ஒட்டிப்போய்
யாருக்கும் பிடிக்காத திருக்கையை வாங்கி வருவேன்.
எண்ணூர் ஹைரோட்டில் லாரி ஹாரன்
எனக்குப் பல்லில் கேட்கும்.

மூன்று இடம் போனேன்.
முதல் டாக்டர் எழுதிக்கொண்டே, நிமிராமல்,
"கண்ணப் பாத்துதானே பேசறீங்க? அப்புறமென்ன?"
கண் இல்லை டாக்டர்,
புருவத்துக்கு நடுவில் ஒரு புள்ளி.
ஒன்பதாவது படிக்கும்போது கற்றுக்கொண்டேன்.
இன்றுவரை யாரிடமும் மாட்டவில்லை.

இரண்டாவது, வண்ணாரப்பேட்டையில்.
"அது சின்னப் பசங்களுக்கும்மா.
தைராய்டு பாத்தீங்களா?"
பார்த்தேன். நார்மல்.
என்னைப் பற்றி அந்தச் சொல்லை எழுதிய
ஒரே காகிதம்.
மடிக்காமல் வைத்திருக்கிறேன்.

மூன்றாவது கீழ்ப்பாக்கம், இரண்டாம் மாடி.
"டியூப்லைட்ட அணைச்சிரட்டுமா?" என்றாள் அந்தப் பெண்
நான் கேட்காமலே.
அங்கேயே அழுதிருப்பேன்,
படிவத்தில் ஜெசிந்தா என்று எழுதும் வேலை இருந்தது.

"சின்ன வயசுல உங்களப் பாத்தவங்க
யாராவது வந்தா நல்லது."
அம்மா இல்லை.
இருந்தாலும், பதினொரு பக்கத்தையும்
"அழுத்தக்காரி" என்ற ஒரே சொல்லில் நிரப்பியிருப்பாள்.
மிச்சம் டெனிஸ். தம்பி. காசிமேட்டில் ஐஸ் லோடு.
அவன் கல்யாணத்தில் பேண்டு செட் ஆரம்பித்ததும்
மண்டபத்திலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தவள் நான்.
அப்புறம் ஆறு வருஷம்
எதிர்ப்பட்டால் "சாப்ட்டியா" மட்டும்.

வந்தான்.
லுங்கியை மாற்றி பேண்ட் போட்டுக்கொண்டு,
கை இரண்டையும் முட்டிக்கு நடுவில் செருகி உட்கார்ந்தான்.
"நான் பிளேடு வெச்சினிருப்பேன் மேடம்" என்றான்.
அவள் பேனா நின்றது.
"ஐயோ அதுக்கில்ல.
புதுச் சட்டைல கழுத்தாண்ட லேபிள் இருக்கும் பாரு,
அது இருந்தா போட மாட்டா, அம்மா அடிக்கும்.
இவ தூங்கனதும் அறுத்துட்டு மட்சி வெச்சிருவேன்.
எனக்கு அப்ப ஏழு வயசு இருக்கும்.
அப்பால, ஹார்பர் சங்கு.
ஊதற நேரம் தெரியும், முன்னாடியே போயி
பின்னால நின்னு காத பொத்திருவேன்."

"ஏன்னு நீங்க கேட்டதே இல்லையா?"

"இன்னாத்துக்கு கேக்கணும்.
அதுக்கு வலிக்குது."

நாற்பத்திரண்டு வயதில்
பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.
அம்மாதான் அறுத்தாள் என்று
இத்தனை காலம்
அவள் கணக்கில் வரவு வைத்திருந்தேன்.

அவன் பைக்கில்தான் திரும்பினோம்.
பேசின் பிரிட்ஜ் தாண்டும்வரை
இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.
பிறகு அவன், தலையைத் திருப்பாமல்:
"ரிப்போர்ட் எப்ப?"
"மூணு வாரம்."
"அதுல ஒண்ணும் இல்லன்னு போட்டாங்கன்னா?"

அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை.
எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே
பதில் எழுதி மனப்பாடம் செய்கிறவள்,
அதற்கு மட்டும் இல்லை.

ஸ்டான்லி பக்கம் சிக்னலில் நின்றோம்.
எதற்கென்று தெரியாமல் சொன்னேன்:
"தீபாவளிக்கு யார்டுல குடுத்த சுடிதார்
இன்னும் பீரோலயே கெடக்குது."

பச்சை விழுந்தது.
பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ அடித்த அடி
கடைவாய்ப் பல்வரை இறங்கியது.
அவன் கியரைப் போட்டான்.
"பிளேடு கீதா வூட்ல?"